முந்துவதற்குப் பத்து விநாடி!

முன்னால் ஒரு வைக்கோல் லாரி. பின்னால் ஒரு பஸ். லாரி ஆடி அசைந்து போகிறது. பஸ்சும் ஆடி அசைந்து போகிறது. பஸ்சில் இருப்பவர்களுக்குத்தான் பொறுமை இல்லை.

"என்ன டிரைவரண்ணே, லாரிக்குப் பின்னாலேயே ஊர்வலமா? சைடு வாங்கிப் போங்க!" என்று ஒரு குரல் கிளம்புகிறது.

"இப்படிப் போனா ஊர் போய்ச் சேர விடிஞ்சுடும்!" என்று இன்னொரு குரல்.

டிரைவர் பதில் பேசவில்லை. அவர் கண் சாலையில் இருக்கிறது. சாலையின் நடுவே ஒரு கோடு. இடைவெளியே இல்லாத முழுக் கோடு. அது ஒரு வளைவில் போய் மறைகிறது. வளைவை மறைத்துக்கொண்டு புளிய மரங்கள். அதற்கு அப்பால் என்ன வருகிறது? பஸ்சில் உள்ள யாருக்கும் தெரியாது. டிரைவருக்கும் தெரியாது.

ஆனால் அந்தக் கோட்டுக்குத் தெரியும்!

அது எப்படி? சாலை போடுகிறவர்கள் வளைவையும் மேட்டையும் அளந்து பார்க்க வேண்டும். இங்கிருந்து பார்த்தால் எவ்வளவு தூரம் தெரியும், எதிரே வரும் வண்டி எப்போது கண்ணில் படும் என்று கணக்குப் போட வேண்டும். போதிய தூரம் தெரியாத இடம் என்றால் அங்கே முழுக் கோடு. அதாவது, டிரைவருக்கு முன்பே ஒருவர் போய், வளைவுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "இங்கே முந்தாதே" என்று எழுதி வைத்திருக்கிறார். எழுத்துக்குப் பதில் கோடு. அவ்வளவுதான் வித்தியாசம்.

பிளஸ் டூ படித்தவரும் பி.ஏ. படித்தவரும் கார் ஓட்டுகிறார்கள். இந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் அவர்களில் எத்தனை பேர்?

பால் வண்டி காட்டிய வழி

சாலைக்கு நடுவே கோடு கிழிக்கும் யோசனை எங்கே பிறந்தது? அது சுவையான கதை.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் எட்வர்டு ஹைன்ஸ் என்று ஒருவர் இருந்தார். சாலைகளைக் கவனிக்கும் பொறுப்பில் இருந்தவர். ஒரு நாள் ஒரு பால் வண்டி ஒழுகிக்கொண்டே போனதாம். கறுப்புச் சாலையில் வெள்ளையாக ஒரு கோடு விழுந்ததாம். அதைப் பார்த்ததும் அவருக்கு யோசனை பிறந்தது என்று சொல்வார்கள். 1911-ம் ஆண்டு டிரென்டன் என்ற ஊர்ச் சாலையில் நடுக்கோடு போட ஏற்பாடு செய்தார்.

இன்னொரு கதை ஒரு டாக்டர் அம்மாளுடையது. பெயர் ஜூன் மெக்கரோல். கலிபோர்னியா மாநிலத்தில் இண்டியோ என்ற ஊரில் இருந்தார். 1917-ம் ஆண்டு அவர் தனது போர்டு மோட்டாரில் வந்துகொண்டிருந்தார். எதிரே ஒரு பெரிய லாரி நடுச்சாலையில் வந்துவிட்டது. அம்மாள் மோட்டாரைச் சாலைக்குக் கீழே மணலில் இறக்கி உயிர் தப்பினார்.

நடுவில் ஒரு கோடு இருந்திருந்தால் இந்த வம்பே இல்லையே என்று அவருக்குத் தோன்றியது. அதிகாரிகளிடம் போய்ச் சொன்னார். கேட்டுக்கொண்டார்கள். அதோடு சரி! கேட்டுக்கொள்வதில் எல்லா நாட்டு அதிகாரிகளும் ஒரே மாதிரிதான் போலும். அம்மாள் சும்மா இருக்கவில்லை. வீட்டுக்கு எதிரே உள்ள சாலையில் தாமே பெயிண்டை எடுத்துக் கோடு போட்டுவிட்டார். பிறகும் ஆண்டுக்கணக்கில் மனுப்போட்டார். 1924-ம் ஆண்டு கலிபோர்னியா அரசு அந்த முறையை ஏற்றுக்கொண்டது. 2002-ம் ஆண்டு அந்த ஊர்ப் பக்கம் போகும் பெருஞ்சாலை ஒன்றின் ஒரு பகுதிக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

கோடு உயிர் காக்கும் என்பதை ஒரு டாக்டர் கண்டுகொண்டதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது!

துண்டுக் கோடும் முழுக் கோடும்

கோட்டின் பாஷை கஷ்டமானது அல்ல. சின்னப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கலாம்.

நடுக்கோடு துண்டு துண்டாக இருக்கிறதா? எதிரே வண்டி இல்லை, பாதை நன்றாகத் தெரிகிறது என்றால் தாண்டி முந்தலாம். முழுக் கோடாக இருக்கிறதா? தாண்டக் கூடாது. இரட்டை முழுக் கோடா? இந்தப் பக்கத்தாரும் தாண்டக் கூடாது, அந்தப் பக்கத்தாரும் தாண்டக் கூடாது.

பலர் விழிப்பது நாலாவது வகையில்தான். இரண்டு கோடுகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். ஒன்று முழுசு, மற்றது துண்டு. எதைப் பார்ப்பது? உங்கள் பக்கம் இருக்கிற கோட்டைப் பாருங்கள். உங்கள் பக்கம் துண்டுக் கோடு என்றால் உங்களுக்கு அனுமதி. முழுக் கோடு என்றால் அனுமதி இல்லை. ஒரே இடத்தில் எதிரே வருகிறவருக்கு ஒரு நீதி, உங்களுக்கு ஒரு நீதியா என்று கோபிக்க வேண்டாம். வளைவை விட்டு வெளியே வருகிறவருக்கு முன்னால் நேர்ச்சாலை தெரிகிறது. வளைவுக்குள் போகிறவருக்குத் தெரியவில்லை. அதனால்தான் அப்படி.

முழுக் கோடு இல்லாவிட்டாலும் வளைவிலும் மேட்டு முகட்டிலும் முந்தக் கூடாது என்பது சட்டம். குறுகிய பாலத்திலும் கூடாது. முன்னால் போகிற வண்டி இன்னொன்றை முந்திக்கொண்டிருக்கும்போது அதையும் சேர்த்து முந்தப் பார்ப்பது மகா ஆபத்து. ஆபத்தான முறையில் வண்டி ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 184-வது பிரிவு பாயும். 2019-ம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, விதியை மீறி முந்துவதும் அந்தப் பிரிவில் வருகிறது. முதல் தடவைக்கே 5,000 ரூபாய் வரை அபராதம் போடலாம். ஜெயிலுக்கும் அனுப்பலாம்.

ஆனால் அபராதம் கிடக்கட்டும். கணக்கைப் பாருங்கள்.

கார் 80, பஸ் 60

ஒரு பஸ் மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகத்தில் போகிறது. பின்னால் ஒரு குடும்பம் காரில் வருகிறது. கார் 80 கிலோ மீட்டர் வேகத்தில் பஸ்சை முந்துகிறது. எவ்வளவு நேரம் பிடிக்கும்?

"கண் மூடித் திறப்பதற்குள்" என்பார்கள். அது தப்பு.

காருக்கும் பஸ்சுக்கும் வேக வித்தியாசம் 20 கிலோ மீட்டர்தான். அதாவது விநாடிக்கு ஐந்தரை மீட்டர். பஸ்சின் நீளம் 12 மீட்டர். காரின் நீளம் 4 மீட்டர். பஸ்சுக்குப் பின்னால் 20 மீட்டர் தள்ளி வெளியே எடுத்து, பஸ்சுக்கு முன்னால் 20 மீட்டர் விட்டு உள்ளே திரும்ப வேண்டும். எல்லாம் சேர்ந்தால் 56 மீட்டர். விநாடிக்கு ஐந்தரை மீட்டர் வீதம் பார்த்தால் பத்து விநாடி ஆகிறது!

அந்தப் பத்து விநாடியும் அந்தக் குடும்பம் எதிரே வருகிறவருடைய பாதையில் இருக்கிறது. பத்து விநாடியில் கார் 222 மீட்டர் ஓடிவிடும். எதிரே ஒரு வண்டி அதே 80 கிலோ மீட்டர் வேகத்தில் வந்தால் அதுவும் 222 மீட்டர் ஓடி வந்துவிடும். இரண்டையும் கூட்டினால் 444 மீட்டர். கிட்டத்தட்ட அரைக் கிலோ மீட்டர் தூரம் சாலை காலியாக இருந்தால்தான் உயிர் மிச்சம்.

நம் நாட்டில் சாலை அளவுகளை வகுத்துச் சொல்லும் இந்திய சாலைக் காங்கிரஸ், 80 கிலோ மீட்டர் வேகத்தில் முந்துவதற்குக் கண்ணுக்குத் தெரிய வேண்டிய தூரம் 470 மீட்டர் என்று சொல்கிறது. புளிய மரத்தடி வளைவில் 470 மீட்டர் தெரியுமா? இரவில் எதிர் விளக்கு கண்ணைக் கூசும்போது தெரியுமா?

இருவழிச் சாலையின் அகலம் 7 மீட்டர். ஒரு பாதைக்கு மூன்றரை மீட்டர். லாரியின் அகலம் 2.6 மீட்டர் வரை இருக்கலாம். மிச்சம் இரு பக்கமும் ஆளுக்கு ஒரு முழம்! ஒரு முழத்தை நம்பி மனைவி மக்களை வைத்துக்கொண்டு ஒதுங்கிவிடலாம் என்று நினைப்பது தைரியமா, அசட்டுத்தனமா?

சரி, இவ்வளவு ஆபத்தையும் தலையில் போட்டுக்கொண்டு முந்தினால் என்ன லாபம்? முழுக் கோடு இரண்டு கிலோ மீட்டர் நீளம் என்றே வைத்துக்கொள்வோம். லாரிக்குப் பின்னால் 40 கிலோ மீட்டர் வேகத்தில் போனால் மூன்று நிமிடம். முந்திக்கொண்டு 60-ல் போனால் இரண்டு நிமிடம். மிச்சம் ஒரே ஒரு நிமிடம். அடுத்த டீக்கடையில் அதைப்போல் பத்து மடங்கு செலவாகிவிடும்.

2022-ம் ஆண்டில் இந்தியா முழுவதும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டில் விபத்து எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம். 64,105 விபத்துகள்! முதலிடம் வாங்க வேறு எவ்வளவோ இருக்கின்றன.

பின்சீட்டு டிரைவர்கள்

பழியை ஸ்டீயரிங் பிடித்தவர் மேல் மட்டும் போடுவது நியாயம் ஆகாது. முந்து முந்து என்று அவரை முடுக்குகிறவர் யார்?

கல்யாணத்துக்குப் போகும் வேனில் பாருங்கள். "முகூர்த்தம் ஆறரைக்கு, தெரியுமில்லே?" என்கிறார் பெரியப்பா. "அந்தக் கார் நம்மளைத் தாண்டிப் போயிடுச்சுப்பா!" என்று பையன் குதிக்கிறான். அவனுக்கு அது ஓட்டப்பந்தயம். வாடகை வேன் டிரைவருக்கு வாய் திறக்க முடியாது. கூலி கொடுக்கிறவர்கள் சொல்கிறார்கள். மிதிக்கிறார்.

அரை மணி முன்பே புறப்படாதது யார் குற்றம்? வாசலில் வண்டி வந்து நின்ற பிறகுதான் பூவைத் தேடுகிறார்கள், சாவியைத் தேடுகிறார்கள். வீட்டில் தொலைத்த அரை மணியைச் சாலையில் பிடிக்கப் பார்க்கிறார்கள்!

"கோடு முழுசா இருக்கு, மெதுவாப் போங்க தம்பி" என்று பின்சீட்டிலிருந்து ஒரு அம்மாள் சொன்னால் போதும். எந்த டிரைவரும் தட்டமாட்டார். அப்படிச் சொல்கிற உரிமை வண்டியில் உட்கார்ந்த எல்லோருக்கும் உண்டு. உயிர் எல்லோருடையதும்தானே!

மூன்று அர்த்தம் சொல்லும் விளக்கு

இன்னொரு குழப்பம் இருக்கிறது. அது லாரியின் பின்னால் சிமிட்டும் விளக்கு.

லாரிக்காரர் வலது பக்க விளக்கைப் போடுகிறார். என்ன அர்த்தம்? "வலது பக்கமாக நீ முந்திப் போ" என்று சிலர் அர்த்தம் செய்கிறார்கள். "எதிரே வண்டி வருகிறது, வராதே" என்று வேறு சிலர். சட்டப்படி பார்த்தால் இரண்டும் இல்லை. "நான் வலது பக்கம் திரும்பப்போகிறேன்" என்பதுதான் சரியான அர்த்தம். ஒரே விளக்குக்கு மூன்று அர்த்தம்! ஒன்றுக்கொன்று நேர் எதிர்!

"போ" என்று நினைத்து ஒருவர் முந்த, லாரி உண்மையிலேயே வலது பக்கம் பெட்ரோல் பங்குக்குத் திரும்பினால்? அதற்குப் பிறகு அர்த்தம் கேட்க ஆள் இருக்காது.

முன்பு சைடு கொடுக்கக் கைச் சைகை இருந்தது. வலது கையை வெளியே நீட்டி, முன்னும் பின்னுமாக அரை வட்டமாக அசைக்க வேண்டும் என்று 1989-ம் ஆண்டு சாலை விதிகளிலேயே சொல்லியிருந்தார்கள். அது யாருக்கும் புரியும். இப்போது கண்ணாடி ஏற்றி, ஏ.சி. போட்டு உட்கார்ந்திருக்கிறவர் கையை எங்கே நீட்டுவார்? விளக்கு வந்துவிட்டது. அர்த்தம் மட்டும் ஊருக்கு ஊர் மாறிவிட்டது.

லாரிக்காரர் நல்லெண்ணத்தில்தான் செய்கிறார். பின்னால் வருகிறவருக்கு உதவி செய்ய நினைக்கிறார். ஆனாலும் இந்த வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்றே சொல்லத் தோன்றுகிறது. முந்தலாமா, கூடாதா என்பதை முந்துகிறவர் தன் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். முந்த இடம் கொடுப்பவர் செய்ய வேண்டியது, வேகத்தைக் கூட்டாமல் இடது ஓரமாகப் போவது. "என்னையா முந்துகிறாய்" என்று அந்த நேரம் பார்த்து மிதிப்பவர்களும் இருக்கிறார்கள். பத்து விநாடி அப்போது பதினைந்து விநாடி ஆகிவிடும். வேகம் கூட்டக் கூடாது என்பதும் சட்டத்தில் இருக்கிறது.

வலது தடத்தில் லாரி

நாலு வழிச் சாலைகள் வந்த பிறகு எதிர் வண்டிப் பயம் குறைந்தது. நடுவில் திட்டு இருக்கிறது. ஆனால் புது வம்பு முளைத்தது. முந்துவதற்கு என்று உள்ள வலது தடத்தில் லாரி 40 கிலோ மீட்டர் வேகத்தில் நிம்மதியாகப் போகிறது. கார்கள் இடது பக்கமாகப் புகுந்து ஓடுகின்றன.

லாரிக்காரரைத் திட்டுவது சுலபம். இடது தடத்தை ஒரு முறை பாருங்கள். பழுதான டிராக்டர், டீக்கடை முன் நிறுத்திய வேன், எதிர்த் திசையில் வருகிற மொபெட், சாலையோரம் காய வைத்த சோளம்! பாரம் ஏற்றிய லாரி ஒவ்வொன்றுக்கும் பிரேக் போட்டு கியர் மாற்றினால் டீசல் என்ன ஆவது? இடது தடத்தைச் சுத்தம் செய்து கொடுக்காமல் "இடது பக்கம் போ" என்றால் அவர் எங்கே போவார்? குற்றம் பாதி அவருடையது. மீதி அந்தத் தடத்தை அடைத்துக்கொண்டவர்களுடையது.

ஜிப் போல!

பொங்கலும் தீபாவளியும் முடிந்து சென்னைக்குத் திரும்புகிறவர்களுக்குப் பரனூர் சுங்கச்சாவடியைத் தெரியாமல் இருக்காது. வண்டிகள் பல வரிசையாக விரிகின்றன. கட்டணம் கட்டித் தாண்டியதும் சாலை குறுகுகிறது. விரிந்த வரிசைகள் மறுபடி ஒன்று சேர வேண்டும். அங்கேதான் வருகிறது தகராறு!

யாரும் யாருக்கும் விடுவதில்லை. முன் வண்டியின் வாலைத் தொட்டுக்கொண்டு நிற்கிறார்கள். நடுவில் ஒரு சாண் கிடைத்தால் ஸ்கூட்டர் மூக்கை நுழைக்கிறது. எல்லோரும் ஹாரன் அடிக்கிறார்கள். எவரும் நகரவில்லை. வண்டிக்குள் கைக்குழந்தை அழுகிறது.

ஜெர்மனியில் இதற்கு ஒரு சட்டம் வைத்திருக்கிறார்கள். கைப்பையில் ஜிப் இருக்கிறதே, அதன் பெயரையே அந்த முறைக்கு வைத்திருக்கிறார்கள். ஜிப்பின் பற்கள் எப்படிச் சேர்கின்றன? இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. அதேபோல் ஒரு தடம் முடிகிற இடம் வந்ததும், பக்கத்துத் தடத்தில் போகிறவர் ஒரு வண்டிக்கு வழி விட வேண்டும். பிறகு அவர் போக வேண்டும். அவருக்குப் பின்னால் வருகிறவர் அடுத்த ஒன்றுக்கு வழி விட வேண்டும். முடிகிற தடத்தில் வருகிறவர் முன்னாலேயே பயந்து நுழையப் பார்க்காமல் கடைசி வரை வர வேண்டும். இதில் யாருக்கும் தோல்வி இல்லை. ஆளுக்கு ஒரு வண்டி நீளம்தான் நஷ்டம்.

ரேஷன் கடையில் இரண்டு வரிசை ஒன்றாகும்போது ஜனங்கள் இதைத் தாங்களாகவே செய்கிறார்கள். "அக்கா, நீங்க போங்க, அடுத்து நான்" என்கிறார்கள். மண்ணெண்ணெய் டின்னைப் பிடித்த கைக்கு வருகிற தர்ம நியாயம், ஸ்டீயரிங்கைப் பிடித்ததும் எங்கே போய்விடுகிறது?

கிளைச் சாலையிலிருந்து பெரிய சாலையில் ஏறுகிறவருக்கு வேறு நியாயம். அங்கே ஜிப் கணக்கு இல்லை. பெரிய சாலையில் போகிறவருக்கே முதல் உரிமை. ஏறுகிறவர் நின்று, பார்த்து, இடைவெளி கிடைத்த பிறகுதான் ஏற வேண்டும். "நான் மூக்கை நீட்டிவிட்டேன், இனி நீ நிறுத்து" என்பது விதி அல்ல.

கோடு அழிந்தால் யார் கேட்பது?

டிரைவர்களுக்கு உபதேசம் செய்கிறவர்கள் கோடு போடுகிறவர்களையும் இரண்டு வார்த்தை கேட்க வேண்டும்.

எட்டுப் போட்டால் லைசென்ஸ் கிடைக்கிறது. எல்.எல்.ஆர். வாங்கும்போது படம் காட்டிக் கேள்வி கேட்கிறார்கள். முழுக் கோடு போட்ட சாலையில் ஒருவரை ஓட்டச் சொல்லி, முன்னால் மெதுவாக ஒரு லாரியையும் விட்டு, அவர் பொறுமையாக இருக்கிறாரா என்று பார்த்தால் அல்லவா உண்மை தெரியும்!

புதுத் தார் போடுகிறார்கள். பழைய கோடு தாருக்கு அடியில் போய்விடுகிறது. புதுக் கோடு எப்போது வரும்? சில சாலைகளில் மாதக்கணக்கில் வருவதில்லை. வழவழப்பான புதுத் தாரில்தான் வண்டிகள் அதிக வேகத்தில் போகின்றன. அப்போதுதான் கோடும் இல்லை! சில இடங்களில் கண்ணுக்கெட்டிய தூரம் நேர்ச்சாலையாக இருந்தும் முழுக் கோட்டை இழுத்துவிடுகிறார்கள். "இங்கே ஏன் முந்தக் கூடாது?" என்று டிரைவர் தாண்டிப் பார்க்கிறார். ஒன்றும் ஆகவில்லை. அடுத்து நிஜமான வளைவில் வரும் முழுக் கோட்டையும் அவர் அப்படித்தான் நினைப்பார். பொய்க் கோடு போடுவது கோடே போடாததைவிடக் கெடுதல்.

கோடு போடும் வேலை பெரும்பாலும் இரவில் நடக்கும். போக்குவரத்து குறைந்த நேரம். சிவப்புக் கூம்புகளை வரிசையாக வைத்துக்கொண்டு, ஒளிரும் சட்டை போட்ட நாலைந்து தொழிலாளர்கள் நிற்பார்கள். பெயிண்டைக் கொதிக்கக் கொதிக்க உருக்கி, தள்ளுவண்டியில் ஊற்றி இழுத்துக்கொண்டு போவார்கள். சூடு ஆறுவதற்குள் மேலே சர்க்கரை மாதிரி கண்ணாடி மணிகளைத் தூவுவார்கள். இரவில் விளக்கு பட்டதும் கோடு பளிச்சென்று மின்னுவது அந்த மணிகளால்தான். பெயிண்ட் இறுகச் சில நிமிடம் போதும்.

அந்தச் சில நிமிடம் காத்திருக்கவும் சிலருக்குப் பொறுமை இல்லை. கூம்பைத் தட்டிவிட்டுப் போகிறார்கள். மறுநாள் காலையில் பார்த்தால், புத்தம் புதுக் கோட்டிலிருந்து வெள்ளையாக ஒரு டயர் தடம் பிரிந்து போகிறது. எதிரே வருகிறவருடைய பாதையில்!